கச்சானில் உறங்கும் புல்



மாரியின் முதல் மழை கொட்டிய கையோடு இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது. இம்முறை பிறிஸ்பேனிலிருந்து. அங்கே குடியிருக்கும் நம் வாசகி ஒருவர், குளிர்காலத்தில் வீட்டுப் புற்றரை வெளிறிப்போகாமல் இருக்க அயலவர்கள் அதன்மேல் வேறொரு புல்லின் விதையைத் தூவுவதைப் பார்த்திருக்கிறார். பத்து நாளுக்குள் முளை தெரிகிறதாம், இரண்டாம் மாதம் கண்ணைப் பறிக்கும் பச்சையாம். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, திருகோணமலை உவர்மலையில் இருக்கும் அப்பாவின் முற்றத்துக்கும் ஒரு பக்கற் விதை கொண்டுவரலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

வேண்டாம் தங்கச்சி. விதையை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆனால் அந்த யோசனையை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள், அதற்கு இங்கே நிறைய வேலை இருக்கிறது. ஏன் விதை வேண்டாம், யோசனை ஏன் வேண்டும் என்பதை இந்தப் பக்கத்தில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் மற்ற வீட்டுக்காரருக்கும் உதவும்.

அந்த விதையின் பெயர் ரைப்புல். ரொட்டி சுடுகிற ரைத் தானியத்தோடு அதற்குப் பெயரில் மட்டும்தான் ஒற்றுமை, செடி வேறு. ஐரோப்பாவின் குளிர்ந்த மேய்ச்சல் நிலங்களில் தோன்றிய புல் இது. ஓராண்டில் முடிந்துபோகும் வகை ஒன்று, பல்லாண்டு நிற்கும் வகை இன்னொன்று. கிலோவுக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம் விதைகள் இருக்கும். 15 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான வெப்பம்தான் அதற்குப் பிடித்த சுவாத்தியம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலும் வளைகுடா நாடுகளிலும் கோடையில் பல புற்றரைகளை மூடியிருப்பது நம்முடைய அறுகு. பிள்ளையாருக்கு வைக்கிறோமே, அதே அறுகுதான். அமெரிக்கர் அதைப் பெர்முடாப் புல் என்கிறார்கள், அவுஸ்திரேலியர் கூச் என்கிறார்கள். மண்ணின் வெப்பம் 13 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் அறுகு வளர்வதை நிறுத்தி, வைக்கோல் நிறமாகி, உறங்கப் போய்விடும். சாவதில்லை. நிலத்தடித் தண்டில் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு சூடு வரும்வரை காத்திருக்கும். அந்த இடைவெளியில்தான் ரைப்புல்லை விதைக்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அறுகை ஒட்ட வெட்டி, காய்ந்த சருகை வாரி எடுத்து, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 50 கிராம் வீதம் விதையைத் தூவி, மேலே மெல்லியதாக மணல் போட்டு, முளைக்கும்வரை நாளுக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும். இதை மேல்விதைப்பு என்று சொல்லிக்கொள்வோம்.

ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவின் அகஸ்ராவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பந்து உருண்டோடும் அந்த நீண்ட பச்சைப் பாதையில் கண்ணுக்குத் தெரிவது ரைப்புல், அடியில் கண்ணயர்ந்து கிடப்பது அறுகு. 1988இல் திறக்கப்பட்ட துபாயின் எமிரேட்ஸ் கோல்ஃப் கழகத்திலும் இதே வித்தைதான் நெடுங்காலம் நடந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வளைகுடாவுக்குப் போய்த் தோட்ட வேலை பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒக்டோபரிலும் நவம்பரிலும் அந்தப் பாலைவனத்து வீட்டுப் புற்றரைகளை வழித்து மொட்டையாக்கி விதைத்துப் பச்சையாக்குவது அவர்களுக்குக் கைவந்த வேலை.

செலவில்லாத வேலை என்று நினைக்காதீர்கள். கோடை வெயில் வந்ததும் ரைப்புல் செத்துவிடும், பிறகு அதை யாராவது கூட்டி அள்ள வேண்டும். சில ஆண்டுகளில் அது சொன்ன நேரத்துக்குப் போகாது. விழித்தெழும் அறுகின்மேல் நிழலை விரித்துக்கொண்டு, அதன் தண்ணீரையும் பசளையையும் உறிஞ்சிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் கோடையில் அறுகு ஐதாகி, இடையிடையே மண் தெரியத் தொடங்கும். வந்த விருந்தாளி வீட்டுக்காரரையே திண்ணைக்குத் தள்ளுகிற கதை. ஆகவே அந்த வித்தைக்கு உரிய நாடுகளிலேயே, ஆண்டுதோறும் செய்யாதீர்கள் என்று சொல்லும் அனுபவசாலிகள் உண்டு.

இப்போது உவர்மலைக்கு வருவோம். திருகோணமலையில் மிகவும் குளிர்ந்த மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும். அந்த மாதங்களில்கூட இரவு வெப்பம் 24 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது. வாடைக்காற்று அடித்து நாமெல்லாம் காதுக்குத் துணி சுற்றிக்கொண்டு நடந்தாலும், அறுகைப் பொறுத்தவரை அது கொண்டாட்ட காலம். ஆண்டுக்கு நமக்குக் கிடைக்கும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் விழுகிறது. மதிலோரம், ஒழுங்கை, கோயில் வீதி என்று எங்கும் புல் முழங்காலைத் தொடும் மாதங்கள் அவை. பச்சையின்மேல் பச்சை விதைத்து என்ன பயன்?

அப்படியும் விதைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன். முதற் கிழமை எல்லாம் நன்றாகவே போகும், விதை முளைக்கும், அப்பா படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். பிறகு மூன்று நாள் அடைமழை பிடிக்கும். இரவு வெப்பம் 20 பாகைக்கு மேல் நிற்க, இலை விடியும்வரை காயாமல் இருந்தால் பித்தியம் என்ற நோய்க்கிருமிக்கு அதைவிட வேறு அழைப்பு வேண்டாம். இளம் ரைப்புல்லில் அது இறங்கினால் ஒன்றிரண்டு இரவிலேயே திட்டுத் திட்டாக நாற்று அழுகிப்போகும். விடியற்காலையில் பார்த்தால் எண்ணெய் பூசியதுபோல் இலைகள் ஒட்டிக் கிடக்கும், மேலே வெள்ளை நூல் படர்ந்திருக்கும். தப்பிப் பிழைத்தவை மாசி பங்குனி வெயிலைத் தாண்டா. வெப்பம் ஏற ஏற அறுகும் கரும்பும் சோளமும் உற்சாகமாக உணவு ஆக்கும். ரைப்புல்லும் கோதுமையும் அந்தச் சூட்டில் ஆக்கிய உணவில் ஒரு பகுதியைத் தாமே எரித்து வீணாக்கும். இரு பரம்பரைகளின் உடலமைப்பே வேறு. இந்த நாட்டில் ரைப்புல்லுக்கு ஓர் இடம் தேட வேண்டுமென்றால் அது நுவரெலியாதான். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம், ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகை. 1889இலேயே கோல்ஃப் கழகம் அமைத்துக்கொண்ட ஊர் அது.

இன்னொன்று. வெளிநாட்டிலிருந்து விதையைப் பயணப்பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவது சட்டப்படி சரியில்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நடுகைப் பொருள்களைக் கொண்டுவர முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். சும்மா ஒரு பக்கற் புல் விதைதானே என்று தோன்றலாம். மாட்டுத் தீனிக்காக வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்த கினியாப் புல் இன்று காட்டோரங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1980களின் கடைசியில் இந்திய அமைதிப்படைக் காலத்தில் வந்ததாக நம்பப்படும் பார்த்தீனியத்தோடு வடக்கில் கமக்காரர் படும் பாடு நமக்குத் தெரியும். ரைப்புல்லின் நெருங்கிய உறவொன்று அவுஸ்திரேலியாவின் கோதுமை வயல்களில் களைநாசினிக்குச் சாகாத களையாக 1982இலேயே பெயர் எடுத்துவிட்டது. நம் வெப்பத்தில் ரைப்புல் அந்த அளவுக்குப் போகாதுதான். ஆனால் பக்கற்றுக்குள் கலந்து வரும் மற்ற விதைக்கு யார் பொறுப்பு?

சரி, நம் புல் உறங்குவதே இல்லையா? உறங்குகிறது. குளிரில் இல்லை, கச்சானில்.

தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் தன் மழையையெல்லாம் இறக்கிவிட்டு, வெறும் சூட்டோடு மலையிறங்கி நம் பக்கம் வருகிறது. ஜூனில் தொடங்கி ஓகஸ்ட் கடந்தும் அந்தக் காற்றுத்தான். கொடியில் போட்ட உடுப்பு அரைமணி நேரத்தில் முறுகிப்போகும், கண்ணுக்குள் மணல் விழும், கிணற்றுக் கயிற்றுக்கு இன்னும் இரண்டு முழம் தேவைப்படும். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வெளிநாட்டார் கடல் குளிக்க வருகிற அதே மாதங்களில், ஊருக்குள் முற்றங்கள் மண்ணிறமாகிவிடும். பிறிஸ்பேனில் ஜூலை மாதக் குளிர் செய்கிற வேலையை இங்கே ஜூலை மாதக் கச்சான் செய்கிறது. மாதமும் ஒன்று, புல்லும் ஒன்று, காரணம் மட்டும் வேறு.

அந்த நேரத்தில் ஒரு முனையைக் கெல்லிப் பாருங்கள். மேலே இலை சரசரத்தாலும், மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் தண்டின் கணு வெள்ளையாக, நகம் பதித்தால் ஈரம் கசிவதாக இருந்தால் புல் உயிரோடு இருக்கிறது. ஒரு நல்ல மழை விழட்டும், கிழமைக்குள் எழும்பிவிடும். கணு பழுப்பாகி உள்ளே கூடாக இருந்தால் மட்டுமே அந்த இடத்துக்கு மறுபடி நட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல், ஜூலையில் புல் செத்துவிட்டதென்று முற்றத்தைக் கொத்திப் புரட்டி, லொறிக்காரரைப் பிடித்து ஒரு லோட் மண் கொட்டுகிறவர்கள் பலர். காசுக்குக் கேடு.

புற்றரை என்பதே நம் வளவுகளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. 1795இல் இந்தத் துறைமுகத்தைப் பிடித்த பிரித்தானியர், சுதந்திரத்துக்குப் பிறகும் 1957வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தார்கள். குன்றுகளின்மேல் கட்டிய பங்களாக்களுக்கு முன்னால் தங்கள் ஊர்ப் புல்வெளியின் நினைவையும் விரித்தார்கள். சீனன்குடாவில் விமானப்படையின் பொறுப்பில் இன்றும் கோல்ஃப் மைதானம் இருக்கிறது. நிலாவெளி வீதியில், ஊரிலிருந்து ஆறு கிலோமீற்றர் அளவில், இரண்டாம் உலகப்போரில் இறந்த முந்நூறுக்கும் மேற்பட்டவர்களின் யுத்த மயானம் புல்லுக்கு நடுவே வரிசை வரிசையாக இருக்கிறது. அதைப் பராமரிக்கும், 1917இல் தொடங்கப்பட்ட யுத்த மயான ஆணைக்குழு உலகமெங்கும் புற்றரைக்குப் பெயர்போனது. ஆனால் அதே ஆணைக்குழு எகிப்தின் எல் அலமெய்னில் பாலைவனத்தோடு மல்லுக்கட்டவில்லை, மணலுக்கு நடுவிலேயே கல்லறைகளை வைத்தது. ஊருக்கேற்ற தரை என்று அவர்களும் ஒத்துக்கொண்ட இடங்கள் உண்டு.

நம் பெரியவர்களுக்கு முற்றம் என்றால் விடியலில் ஈர்க்குமாறால் கூட்டி, தண்ணீர் தெளித்த வெண்மணல். புல் தலைகாட்டினால் பிடுங்கிவிடுவார்கள். பாம்பு கிடந்தால் தெரியவேண்டும் என்பது முதற் காரணம், நெல்லோ மிளகாயோ காயப்போட இடம் வேண்டும் என்பது அடுத்தது. கச்சான் காலத்துக்கு அந்த மணல் முற்றத்தைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் இதுவரை காணவில்லை. புற்றரை வைத்திருப்பவர் நாகரிகமானவர், மணல் முற்றம் கூட்டுகிறவர் பழையவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கச்சானில் புற்றரையைப் பச்சையாக வைத்திருக்க வேண்டுமென்றால் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீற்றர். நாலு பேர்ச் முற்றம் நூறு சதுர மீற்றர். அந்தக் காற்றுக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் தண்ணீர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 500 லீற்றர், கூரைமேல் இருக்கும் கறுப்புத் தாங்கி ஒன்று முழுதாக. ஒவ்வொரு நாளும். நகரத்துக் குழாயில் வருவது கந்தளாய்க் குளத்துத் தண்ணீர். அதே குளத்தை நம்பித்தான் கீழே சிறுபோக நெல் நிற்கிறது. ஊரின் கிணறுகளிலிருந்து அளவுக்கு மேல் இறைத்தால், கடலுக்கு அருகில் இருப்பவர்களின் கிணற்றில் உவர் ஏறும், பிறகு இலகுவில் இறங்காது. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021இல் ஒரு சட்டம் போட்டது: கொலராடோ ஆற்றுத் தண்ணீரை, வீதி நடுவிலும் அலுவலக வாசலிலும் அழகுக்காக மட்டும் நிற்கும் புல்லுக்கு 2027 முதல் பாய்ச்சக்கூடாது. வீட்டு முற்றங்களுக்கு விலக்கு உண்டு. பணமும் குழாயும் குறைவில்லாத நாடு அப்படிச் சொல்கிறது. பசளைக்கும் இதே பேச்சுத்தான். 2021இல் இரசாயனப் பசளைத் தடையோடு தம்பலகாமத்து வயல்காரர் பட்டபாட்டைப் பார்த்த பிறகு, முற்றத்துப் புல்லுக்கு யூரியா தூவ எனக்குக் கை வராது. சலித்த மக்கிய மாட்டெரு போதும்.

இனி அந்த யோசனைக்கு வருகிறேன். ஒரு பயிர் உறங்கப் போகும் நேரம் பார்த்து, அதன் காலடியில் இன்னொன்றை விதைப்பது தமிழ்க் கமக்காரனுக்குப் புதிதா என்ன? தமிழ்நாட்டில் காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாளைக்கு முன், கதிர் நிற்கும்போதே வயலுக்குள் உளுந்தையும் பயறையும் தூவிவிடுவார்கள். தை மாதத்து வேலை. மண் மெழுகு பதத்தில் இருக்கவேண்டும். அதிகம் நனைந்திருந்தால் விதை அழுகும், காய்ந்திருந்தால் முளைக்காது. நெல்லை அறுத்து எடுக்கும்போது உளுந்து இரண்டு இலை விட்டிருக்கும். பிறகு பனியும் மண்ணில் மிஞ்சிய ஈரமும்தான் அதற்குச் சாப்பாடு, உழவும் இல்லை, பாய்ச்சலும் இல்லை. நெல் தரிசு உளுந்து என்பார்கள். நெல்லும் ஒரு புல் வகைதானே. மண்ணில் ஈரம் இருக்கும் நேரத்தைப் பிடித்து விதைப்பதே அதன் நுட்பம்.

அந்த நுட்பத்தை முற்றத்துக்குக் கொண்டுவந்தால், நமக்கு மேல்விதைப்புக் காலம் இப்போதுதான். குளிருக்காக இல்லை, ஒக்டோபர் மழைக்காக. அடுத்த ஜூனில் வரப்போகும் கச்சானைத் தாங்கும் வேரை இந்த மாரிதான் கொடுக்கும்.

எந்தப் புல் என்பது இடத்தைப் பொறுத்தது. நாள் முழுக்க வெயில் விழும் முற்றத்துக்கு அறுகைத் தவிர வேறு யோசிக்க வேண்டாம். கடைகளில் வெளிநாட்டு அறுகு விதை கிடைத்தாலும், அது தூசுபோல் சின்னது, கிலோவில் நாற்பது இலட்சத்துக்கு மேல் இருக்கும். நவம்பர் வெள்ளத்தில் முதல் நாளே மதிலடிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், போகாததை எறும்பு இழுத்துக்கொண்டு போகும். கணுத் துண்டுகளே நல்லது. நிழலில்லாத வெளியில் நன்றாகப் படர்ந்த அறுகைப் பெயர்த்து, மூன்று நாலு கணு இருக்கும்படி துண்டாக்குங்கள். கோரைக் கிழங்கு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தே எடுங்கள், ஒரு கிழங்கு வந்தால் ஓராண்டில் முற்றம் முழுதும் கோரைதான். அரைச்சாண் இடைவெளியில் கீறி, இரண்டு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலும் இருக்க வைத்து, காலால் மிதித்து விடுங்கள். மிதிக்க மனம் வராதவர்கள்தான் அதிகம். மிதிக்காத துண்டு காற்றில் காய்ந்துவிடும், அறுகுக்கு மிதி வலிக்காது. பழைய புல் இருந்து இடையிடையே மொட்டை விழுந்திருந்தால், முழுவதையும் கொத்தத் தேவையில்லை. சருகை வாரி, மொட்டை இடத்தை மட்டும் முள்ளால் கிளறி, அங்கே நட்டால் போதும்.

கடலுக்குப் பக்கத்து வீடுகளில், திருக்கடலூர், சல்லி, சாம்பல்தீவு போன்ற இடங்களில், கிணற்று நீர் கரிப்பாக இருக்கும். அங்கே மணிலாப் புல்லைப் பாருங்கள். ஊசியிலைப் புல், ஆசியக் கடற்கரைகளே அதன் தாயகம், உப்பைத் தாங்கும். ஒரே குறை, மெதுவாகப் படரும். ஒரு மாரியில் மூடாது, இரண்டாவது மாரி வரை பொறுக்க வேண்டும். இராவணன் மீசையை மட்டும் வளவுக்குள் கொண்டுவராதீர்கள். மணல்மேட்டில் கடற்கரையைக் கட்டிப் பிடித்திருப்பது அதுதான். அதன் இடம் அது, பிடுங்கினால் கரைதான் போகும், கொண்டுவந்தால் பிள்ளைகளின் காலில் குத்தும்.

மாமரத்துக்கும் வேம்புக்கும் கீழே அறுகு நிற்காது. எத்தனை தடவை நட்டாலும் நிழல் அதைத் தின்றுவிடும். நாற்றுமேடைக்காரர் மலேசியன் புல் என்று விற்கும் அகல இலைப் புல்லை அங்கே வைக்கலாம், நிழலையும் ஈரத்தையும் தாங்கும். கச்சானில் முதலில் வாடுவதும் அதுதான் என்பதைத் தெரிந்துகொண்டே வையுங்கள். அல்லது மரத்தடியைச் சும்மா விட்டு, சருகைப் பரப்பி, ஒரு கதிரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நடுவதற்கு இந்த ஒக்டோபர் மாதமே நல்லது. தொடர்ந்து இரண்டு நல்ல மழை விழுந்து, கைவிரல் ஆழத்துக்கு மண் நனைந்ததும் இறங்குங்கள். நவம்பர் கடைசிக்குத் தள்ளிப்போட்டால் புயல் காலம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி நம் கரையில்தான் ஏறியது, 1964 டிசம்பர்ப் புயலும் நம்மைத் தொட்டுத்தான் போனது. வேர் பிடிக்காத துண்டுக்கு ஓர் இரவு வெள்ளமே போதும். தை பிறக்கும்போது முதல் வெட்டு, இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். சித்திரைக்குப் பிறகு புல்வெட்டும் மெசினைக் கொஞ்சம் உயர்த்தி, மூன்று விரல் உயரத்தில் விட்டுவிடுங்கள். நீண்ட இலை மண்ணுக்கு நிழல், நிழல் வேருக்கு ஈரம். கச்சான் தொடங்கியபின் பசளையும் வேண்டாம், ஒட்ட வெட்டும் வேண்டாம். உடுப்பு அலசிய தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை இடம் மாற்றி ஊற்றினால் போதும். மண்ணிறமானால் ஆகட்டும்.

இதை எழுதும்போது கோட்டைப் பக்கத்து மான்கள் நினைவுக்கு வருகின்றன. பிரட்ரிக் கோட்டைக்குள்ளும் கடற்கரை வெளியிலும் திரியும் புள்ளிமான்களைப் பார்க்காமல் திருகோணமலைக்கு வந்து போகிறவர் குறைவு. மாரியில் அவற்றுக்குப் புல்லுக்குப் பஞ்சமில்லை. கச்சானில் புல் முடிந்ததும் குப்பைத் தொட்டியடிக்கு வருகின்றன, உணவோடு பொலித்தீன் பையையும் விழுங்குகின்றன. வயிற்றில் பிளாஸ்ரிக் அடைத்து மான் இறந்த செய்திகளை நாமே வாசித்திருக்கிறோம். கட்டாக்காலி மாடுகளின் கதையும் அதுதான். கோணேசரைக் கும்பிடப் போகிறவர்கள் சாப்பாட்டுப் பொதியைக் கோட்டைக்குள் எறியாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாலே பாதித் தொல்லை தீரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாலு பேர்ச் முற்றம் நாலு மாதம் மண்ணிறமாகக் கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை. பாடசாலை மைதானம் கட்டாந்தரையாகக் கிடந்தால் நட்டம் உண்டு. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பந்து என்றால் உயிர். ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் அரங்கிலும் ஆடப்போகிறவர்கள் முதலில் விழுந்து எழும்புவது தங்கள் பள்ளிக்கூட வெளியில்தான். முழங்கால் சிராய்ப்பு அங்கேதான் தொடங்குகிறது. கோல் கம்பங்களுக்கு முன்னாலும் நடுவட்டத்திலும் புல் முதலில் தேய்ந்துபோகும், அந்த மூன்று இடத்துக்கு மட்டும் அறுகு நட ஒரு சனிக்கிழமைக் காலை போதும். பழைய மாணவர் சங்கங்களும் விளையாட்டுக் கழகங்களும் இந்த ஒக்டோபரிலேயே அதைச் செய்யலாம். ஆளுக்கொரு சாக்கு அறுகு வீட்டிலிருந்து கொண்டுவந்தால் செலவும் இல்லை. ஆறு கிழமை அந்த இடத்தைக் கயிறு கட்டி மறித்து வையுங்கள், மாட்டை உள்ளே விடாதீர்கள். கச்சானில் தண்ணீர் விட்டே ஆகவேண்டிய புல் ஒன்று உண்டென்றால் அது பிள்ளைகள் ஓடும் புல்தான். அதற்கு ஊற்றுங்கள், நான் குறை சொல்லமாட்டேன்.

பிறிஸ்பேன் வாசகிக்கு: அப்பாவுக்கு விதைக்குப் பதிலாக நல்லதொரு தோட்டக் கத்தரிக்கோல் வாங்கி வாருங்கள். மற்றவர்களுக்கு: நட்டவர்கள் இடத்தையும் திகதியையும் குறித்து வைத்து, வரும் ஜூலையில் அது எப்படி நிற்கிறதென்று இரண்டு வரி எழுதுங்கள், படம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். ஓகஸ்ட் இதழில் அவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்